போதகர் உட்பட

எங்கள் திருச்சபையில் இந்த வருஷத்திலிருந்து போதகர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்று யாரும் போதகர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்று சபைகளில் அறிவிப்பே வாசித்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்கள் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். ஏழு வருஷம் ஊழியம் செய்தவருக்கு ஒரு மாதம் விடுப்பு. அந்த மாதம் பிரசங்கம் கிடையாது, அடக்க ஆராதனை கிடையாது, குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து கிடையாது.

நான் முப்பத்தைந்து வருஷம் ஊழியம் செய்தேன். எடுத்த விடுப்பு மொத்தம் நாற்பத்தொரு நாள். அதில் பதினேழு நாள் டைபாய்டு. மீதி இருபத்துநாலில் என் இரண்டு பெண்களின் கல்யாணம், அப்பாவின் அடக்கம், ஒரு கண் ஆபரேஷன் எல்லாம் வந்துவிடும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்துப் போதகர்கள் மேல் எனக்குப் பொறாமை. இதை மறைத்துக்கொண்டு அவர்களுக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட நேராக வராது.

எழுதச் சொன்னது ஷீலா. இப்போது டவுன் சபையில் போதகராக இருக்கும் பெண், வயது முப்பத்துமூன்று. போன மாதம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள்.

“ஐயா, போதகருடைய மனசும் ஆவியும் எப்படி கெடுது, எப்படி காப்பாத்துறதுன்னு ஒரு புத்தகம் போடுறோம். குருப்பட்டம் வாங்கப் போறவங்களுக்கு. நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்.”

“எத்தனை பக்கம்?”

“உங்க இஷ்டம்ங்க. ஆனா வசனம் கம்மியா இருக்கட்டும். வசனம் எங்க கிட்டயே ஜாஸ்தியா இருக்கு. உங்களுக்கு நடந்தத எழுதுங்க.”

“வேற யாரு எழுதுறாங்க?”

“அருள்தாஸ் ஐயா முன்னுரை எழுதுறாரு.”

முன்னுரை அவருக்கு, கட்டுரை எனக்கு. அந்த முன்னுரை எத்தனை பக்கம் என்று கேட்டேன். ஐந்து என்றாள். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, ஆலோசகர், ஒரு மாத விடுப்பு, இவை எல்லாம் அருள்தாஸ் பத்து வருஷமாகக் கேட்டு வாங்கியவை. அவருக்கு முன்னுரை தருவது நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இறையியல் கல்லூரியில் எனக்கு நாலு வருஷம். கிரேக்கம் படித்தோம், சபைச் சரித்திரம் படித்தோம், ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை எந்த இடத்தில் நிற்பது, எந்த இடத்தில் கையை உயர்த்துவது என்று படித்தோம். போதகனுடைய மனசைப் பற்றி ஒரே ஒரு வகுப்பு நடந்தது, நாற்பது நிமிஷம். ‘தினமும் ஜெபியுங்கள்’ என்றார் பேராசிரியர். எழுதிக்கொண்டோம். பரீட்சையில் அது வரவில்லை.

அந்த ஒரு வரியை நான் விடாமல் கடைப்பிடித்தேன். காலையில் இருபத்தைந்து நிமிஷம், கைக்கடிகாரம் பார்த்து. அந்த இருபத்தைந்தில் எத்தனை நிமிஷம் கடவுளோடு இருந்தேன், எத்தனை நிமிஷம் பக்கத்துச் சபைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை.

மனசைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் எங்கள் வட்டத் தலைவர் தேவசகாயம் ஐயா. பதினான்கு சபைகள் சேர்ந்தது ஒரு வட்டம். வட்டத் தலைவர் என்பவரும் ஒரு போதகர்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மற்றச் சபைகளுக்குப் போய்ப் பதிவேடுகளைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட வேண்டும். பெரிய ஐயா என்று எல்லாரும் சொல்வோம். கறுப்புக் குடையும் துணிப்பையுமாக பஸ்ஸில் வருவார். பௌர்ணமி வாரத்தில் மட்டும் வர மாட்டார். கிரிவலக் கூட்டத்தில் பஸ் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் என் சபையில் வருகை மூன்றில் ஒரு பங்கு குறையும். அதையும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் காரணம் காட்டி எழுதுவேன்.

பெரிய ஐயா நேராக ஆலயத்துக்குப் போக மாட்டார். போதகர் வீட்டுக்குள் வந்து, சமையல்கட்டு வாசலில் ஒரு முக்காலி போடச் சொல்லி உட்காருவார். தண்ணீர் குடிப்பார். முதல் கேள்வி என் மனைவிக்கு.

“ஏம்மா, இவரு உன் கூட பேசுறாரா?”

“பேசுறாருங்க ஐயா.”

“சபை விஷயம் பேசுறாரா, வேற பேசுறாரா?”

அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பிறகு என் பக்கம் திரும்புவார். மூன்று கேள்வி, எப்போதும் அதே வரிசை. தூக்கம் வருதா, சோறு இறங்குதா, யார் மேலயாவது கோவமா இருக்கியா. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு பேசாமல் இருப்பார். நல்லா இருக்கேன் ஐயா என்று உடனே சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார், குடைக் கம்பியைத் தடவிக்கொண்டு காத்திருப்பார். ஒரு முறை நான் எண்ணிப் பார்த்தேன், நாலு நிமிஷம். நாலு நிமிஷம் ஒரு மனுஷன் உங்கள் பதிலுக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தால் பொய் சொல்வது கஷ்டம்.

அதெல்லாம் முடிந்தபின்தான் பதிவேடு. அடிக்கோலை வைத்து வரி வரியாகப் பார்ப்பார். பிறகு அங்கி மாற்றும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் முழங்கால் போட்டு, “சொல்றதுன்னா சொல்லு” என்பார். ஐந்தரை வருஷத்தில் என்னிடம் பதினொரு முறை வந்தார். பத்து முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை சொன்னேன்.

“ஐயா, ஜனங்க என்னைத் தேடி வர்றதில்ல. கீழ்பென்னாத்தூருக்குப் போறாங்க.”

“எத்தன பேரு?”

“பத்தொன்பது குடும்பம்.”

“எண்ணி வெச்சிருக்கியா?” என்றார். சிரிக்கவில்லை. “போறவங்கள எண்ணாத. போகக் கூட முடியாம வீட்ல கெடக்கிறவங்க யாருன்னு பாரு.”

நான் அதையும் ஒரு பட்டியலாக்கினேன். முப்பத்தெட்டுப் பெயர். மூன்று வாரத்தில் முப்பத்தெட்டையும் சந்தித்து முடித்துவிட்டு, அடுத்த தணிக்கையில் நோட்டைக் காட்டினேன். பெரிய ஐயா அதை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் அப்போது போதகராக இருந்தவர் அருள்தாஸ். என்னைவிட ஆறு வயது சின்னவர். சபையில் நூற்றுப் பத்து குடும்பம், பாதிக்கு மேல் நிலக்கடலையும் நெல்லும் போடுகிறவர்கள். பிரசங்கம் சுமார்தான், நானே கேட்டிருக்கிறேன். மூன்று குறிப்பு சொல்கிறேன் என்று ஆரம்பித்து இரண்டோடு உட்கார்ந்துவிடுவார். ஆனாலும் டவுனிலிருந்து பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்தார்கள். எஸ்தர் என்று ஒரு விதவை, என் சபையில் முப்பது வருஷமாக இரண்டாவது வரிசையில் உட்காருகிறவர். அவரை ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

“பதினேழு கிலோமீட்டர் போயி அங்க என்னம்மா வாங்கினு வரீங்க?”

“ஒண்ணும் வாங்கலைங்க ஐயா. அங்க போனா அழுதுட்டு வரலாம்.”

“இங்க அழக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. இங்க வந்தா நீங்க மொதல்ல, போன ஞாயித்துக்கிழமை ஏன் வரலன்னு கேப்பீங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்குள்ள அழுகை போயிடுது.”

அதற்குப் பிறகு என் காலை ஜெபத்தில் கீழ்பென்னாத்தூர் சபையையும் சேர்த்துக்கொண்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அருள்தாஸுக்கு மாற்றல் வர வேண்டும் என்று கேட்டேன். நல்ல இடமாகவே வரட்டும், ஆனால் தூரமாக.

பெரிய ஐயா ஓய்வு பெற்றபோது வட்டத் தலைவர் பதவி எனக்கு வந்தது. பதிவேடு ஒழுங்காக வைப்பவன் என்று பேராயரே சொன்னார். நான் செய்த முதல் காரியம் தணிக்கைக்கு ஒரு படிவம் தயாரித்தது. நாற்பத்தாறு கட்டம். வருகை, ஞானஸ்நானம், திருமணம், வீடு சந்திப்பு, ஆலயக் கூரையின் நிலை, கல்லறைத் தோட்டத்து வேலி, எல்லாம் இருந்தன. பெரிய ஐயாவின் மூன்று கேள்விகளைச் சேர்க்கவில்லை. தூக்கத்தை எந்தக் கட்டத்தில் என்ன எண்ணாக எழுதுவது? அவருக்கு ஒரு சபைக்கு ஒரு முழு நாள் ஆகும். எனக்கு இரண்டரை மணி நேரம் போதும். அதில் எனக்குப் பெருமை.

கீழ்பென்னாத்தூருக்குத் தணிக்கைக்கு முதல் முறை போன நாளைச் சொல்கிறேன். தலைவர் மாறியதில் அந்தச் சபைக்கு ஒரு வருஷமாகத் தணிக்கை விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

எங்கள் சபைகளில் மாதம் இரண்டு முறை திருவிருந்து. அப்பமும் ரசமும் போதகர் முதலில் தான் வாங்கிக்கொண்டு, பிறகு ஜனங்களுக்குக் கொடுப்பார். ஆராதனை முடிந்ததும் திருவிருந்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தட்டில் வைத்த அப்பம் எத்தனை, பங்குபெற்றவர் எத்தனை, மீதி எத்தனை. பங்குபெற்றவர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘போதகர் உட்பட’ என்று எழுதுவது வழக்கம். நூறு பேருக்குக் கொடுத்தால் நூற்றொன்று, போதகர் உட்பட. அச்சடித்த மாதிரி எல்லாரும் எழுதுவோம். அதை யாரும் படிப்பதில்லை.

நான் படிப்பேன். அருள்தாஸின் பதிவேட்டில் ஒரு தேதிக்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையும் இல்லை. மறந்துவிட்டாரோ என்று ஜனங்களின் கையெழுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். எழுபத்திரண்டு கையெழுத்து, எழுபத்திரண்டு அப்பம். எண்பத்தைந்து கையெழுத்து, எண்பத்தைந்து அப்பம். ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்தது. அடிக்கோல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபத்துமூன்று ஆராதனை, பதினொரு மாதத்துக்கு மேல். அத்தனை நாளும் இந்த மனுஷன் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார், தான் வாங்கவில்லை.

அவர் அங்கி மாற்றும் அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அது கண்ணில் பட்டது, ஆனால் அதற்கும் என்னிடம் கட்டம் இல்லை.

“அருள்தாஸ், நீங்க திருவிருந்து எடுக்கிறதில்லையா?”

“இல்லைங்க ஐயா.”

“ஏன்?”

“எனக்குத் தகுதி இல்லைன்னு தோணுது.”

நான் பேனாவை எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது என்ன என்று பன்னிரண்டு வருஷமாகப் பல பெயர் வைத்துப் பார்த்தேன். கடமை என்று வைத்தேன், உபதேசச் சுத்தம் என்று வைத்தேன். சந்தோஷம் என்பதுதான் சரியான பெயர். எஸ்தரம்மா பதினேழு கிலோமீட்டர் போய்த் தேடுகிற ஆளிடம் ஒரு குறை இருந்தது. நான் எண்ணிக் கண்டுபிடித்திருந்தேன்.

பேராயருக்கு நான் எழுதிய அறிக்கை நாலு வரி. ‘மேற்படி போதகர் தான் பங்குபெறாத திருவிருந்தைப் பதினொரு மாதமாகப் பிறருக்கு வழங்கி வருகிறார். காரணம் கேட்டதில் தனக்குத் தகுதி இல்லை என்று ஒப்புக்கொண்டார். இது நமது ஒழுங்குக்கு முரணானது. தக்க விசாரணை தேவை.’ இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. விசாரணை முடியும் வரை மூன்று மாதம் அருள்தாஸ் பீடத்தில் ஏறக் கூடாது. பிரசங்கம், திருவிருந்து, ஞானஸ்நானம் எதுவும் செய்யக் கூடாது. அவர் பதில் எழுதவில்லை. உத்தரவு வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் மனைவி லீலா என் வீட்டு வாசலில் நின்றாள்.

“ஐயா, அவரு முந்தா நேத்து காத்தால பால் வாங்கப் போனாரு. இன்னும் வரல.”

“யார் கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொல்லல. சபை ஐயரு ஓடிட்டாருன்னு ஊரு பேசும். அவரு பத்து மாசமா தூங்கலைங்க. விடிய விடிய கூடத்துல நடந்துனே இருப்பாரு. பீடத்துல ஏறி நின்னா மட்டும் கொஞ்சம் நல்லா இருப்பாரு. அதுவும் இல்லன்னு ஆயிடுச்சி.”

“எனக்கு ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “பெரிய ஐயா வந்தா சமையல்கட்டு வாசல்ல உக்காருவாரு. என்னைக் கேப்பாரு. நீங்களும் கேப்பீங்கன்னு நான் அடுப்பாண்டயே நின்னுனு இருந்தேன். நீங்க டீயக் கூட நின்னுனே குடிச்சிட்டுப் போனீங்க.”

அன்று பதினோரு மணிக்கு எஸ்தரம்மாவின் போன் வந்தது. அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். கிரிவலப் பாதையில் சவாரி போனபோது, நிருதி லிங்கத்துக்கு அப்பால், சாமியார்கள் உட்காருகிற வரிசையில் கீழ்பென்னாத்தூர் ஐயரைப் பார்த்தானாம். கூப்பிட்டிருக்கிறான், அவர் திரும்பவில்லை. நான் லீலாவை எஸ்தரம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். நிருதி லிங்கத்தில் இறங்கி நடந்தேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அந்தப் பாதையில் நான் நடந்தது அதுதான் முதல் முறை. வெள்ளை ஜிப்பாவும் நரைத்த தாடியுமாகப் போன என்னைப் பார்த்து ஒரு பெண் தட்டை நீட்டினாள்.

“கற்பூரம் வாங்கினு போ சாமி. லிங்கத்துக்கு ஏத்திட்டுப் போ.”

“வேணாம்மா.”

“மொதல் தடவையா சாமி? வெயில்ல செருப்பில்லாம நடக்கணும்.”

வரிசையாக மர நிழலில் சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் அருள்தாஸ். வேட்டி சட்டை அழுக்காகியிருந்தது. முன்னால் ஒரு தொன்னையில் பாதி சாப்பிட்ட புளிசாதம். அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த காவி உடுத்த கிழவர்தான் முதலில் பேசினார்.

“இவரு உனக்கு ஒறவா?”

“கூட வேலை செய்யறவரு.”

“இன்னா வேலையோ தெரியல. ரெண்டு நாளா வர்றவன் போறவன் எல்லாம் இவராண்ட குந்தி கஷ்டத்தச் சொல்றான். காத்தாலேர்ந்து நாலு பேரு. ஒரு பொம்பள அழுதுட்டே போச்சி. இவரு ஒரு வார்த்த பேசல. நான் ஆறு வருஷமா இங்க குந்தினு இருக்கேன், எனக்கு ஒருத்தன் சொன்னதில்ல.”

அவர் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த இடத்திலும், அந்த நிலையில் அந்த மனுஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும், எனக்குள் அது எழுந்தது. நாலு பேர். ஊர் பேர் தெரியாத இடத்தில், அழுக்குச் சட்டையோடு, வாயே திறக்காமல், நாலு பேர். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மண் சுட்டது. எதைக் கேட்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். தொன்னையைக் காட்டினார். பிறகு அவராகவே கேட்டார்.

“நீங்க எத்தன தடவன்னு எண்ணீங்க ஐயா?”

“இருபத்துமூணு.”

“சரிதான். ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், ஒண்ணு கூட்டிப் போட்டா யாருக்கும் தெரியாதுன்னு. போடல. தணிக்கைக்கு வரப் போறது நீங்க. நீங்க எண்ணாம விட மாட்டீங்க. எண்ணிட்டு ஏன்னு கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“கேட்டேனே அருள்தாஸ்.”

“கேட்டீங்க. தகுதி இல்லன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்றதுக்கு வாயெடுத்தேன். நீங்க பேனாவ எடுத்தீங்க.”

பிறகு சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரைப் பார்க்கப் பதினொரு பேர் காத்திருந்தார்கள். கடைசியில் அந்தப் பெண். மணி மூன்று. அவர் அதுவரை சாப்பிடவில்லை, கண்ணைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணிடம், “வியாழக்கிழமை வாம்மா, நிதானமா பேசலாம்” என்றார். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனாள். புதன்கிழமை அந்தப் பெண்ணை அடக்கம் செய்ய அவரையே கூப்பிட்டார்கள். அடக்க ஆராதனையை ஒழுங்காக நடத்தினார். அதற்கடுத்த ஞாயிறு தட்டில் கை வைத்தபோது தனக்கென்று எடுக்க முடியவில்லை.

“யார் கிட்ட சொல்றதுங்க ஐயா? நூத்திப் பத்து குடும்பமும் என்கிட்ட சொல்லுது. நான் போயி சொல்ற எடம்னு ஒண்ணு இருக்கணும்ல. அது நீங்கதான். வட்டத் தலைவர்.”

அவர் பதிவேட்டில் எழுதாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தை எனக்கு எழுதிய கடிதம். இந்த வட்டத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். படித்தேன். படித்து அறிக்கை எழுதினேன்.

அவரைக் கைபிடித்து எழுப்பி ஆட்டோவில் ஏற்றினேன். காவி உடுத்த கிழவர், மிச்சப் புளிசாதத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அருள்தாஸ் தொன்னையை அவர் கையில் கொடுத்தார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார். மாத்திரை, பேச்சு, தூக்கம். முதல் எட்டு நாள் பெரும்பாலும் தூங்கினார் என்று லீலா சொன்னாள். நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோது பெரிய ஐயா வந்திருந்தார், எழுபதை நெருங்கிய வயதில், அதே துணிப்பையோடு. அறைக்குள் ஒரு சின்னத் தட்டில் மூன்று அப்பம் இருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று லீலாவுக்கு, ஒன்று அருள்தாஸுக்கு. நான் கதவோரம் வராந்தாவில் நின்றேன். யாரும் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. இருபத்துநாலாவது தடவை அருள்தாஸ் எடுத்துக்கொண்டார். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டேன்.

பேராயருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும், போதகர் நோயுற்றிருந்ததை நான் விசாரிக்கத் தவறியதாகவும் எழுதினேன். உத்தரவு ரத்தாகி, எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் வேறு சபையில் பீடம் ஏறினார். அந்தக் கடிதத்தில் பொறாமை என்ற சொல்லை நான் எழுதவில்லை. இடம் இல்லாமல் இல்லை. பாதிப் பக்கம் காலியாக இருந்தது.

படிவத்தில் நாற்பத்தேழாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். ‘போதகரின் நலம்’ என்று தலைப்பு. ஓய்வு பெறும் வரை நாலு வருஷம் அந்தக் கட்டத்தை நிரப்பப் போனேன். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தேன். எனக்கு நாலு நிமிஷம் சும்மா இருக்க வரவில்லை. ஒன்றரை நிமிஷத்தில் நானே பதில் சொல்லிவிடுவேன். இருந்தாலும் இரண்டு போதகர்கள் என்னிடம் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் இரண்டு.

புதிதாகக் குருப்பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். உங்களுக்குத் திருவிருந்து கொடுக்க ஓர் ஆளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கையாலேயே எடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டாதீர்கள். பக்கத்துச் சபைப் போதகர் மேல் எரிச்சல் வந்தால் அதை யாரிடமாவது அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள். நான் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் பெரிய ஐயாவிடம். அதற்குப் பிறகு எனக்கு மேலே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆலோசகரிடம் அனுப்பினால் முறைக்காமல் போங்கள். ஓய்வு பெற்றவர்களும் வரலாம் என்று ஷீலா சொன்னாள். ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். முதல் பெயர் அருள்தாஸ். வேறு ஆள் இருந்தால் சொல்லு என்றேன்.

இதை இதுவரை எழுதிவிட்டு ஷீலாவிடம் கொடுப்பதற்கு முன் அவரிடம் காட்டுவதுதான் முறை என்று போன் செய்தேன். இன்று காலை வந்தார். இப்போது என்னை ஐயா என்று சொல்வதில்லை, அண்ணா என்கிறார். என் நாற்காலியில் உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கை வருகிற பக்கத்தில் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கிரிவலப் பாதை வருகிற பக்கத்தில் நின்றார்.

“அண்ணா, என் பேரு இருக்கட்டும். லீலா பேரும் இருக்கட்டும், அவள கேட்டுட்டேன். இந்தப் பொண்ணு பேர எடுத்துடுங்க. அவங்க அம்மா இன்னும் கீழ்பென்னாத்தூர்லதான் இருக்காங்க. புத்தகம் அங்கயும் போகும்.”

எனக்கு அது தோன்றவே இல்லை. பதினாறு பக்கம் எழுதினேன், என் குற்றம் எத்தனை வரி வருகிறது என்றுகூட எண்ணினேன், அந்தத் தாயை நினைக்கவில்லை. எஸ்தரம்மா ஏன் பஸ் ஏறினார் என்று அப்போது மறுபடியும் தெரிந்தது. பேனாவை எடுத்து நாலு இடத்தில் பெயரை அடித்துவிட்டு ‘அந்தப் பெண்’ என்று எழுதினேன். அவர் சரிபார்த்தார்.

“அந்த அறிக்கையப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே,” என்றேன்.

“நீங்க எழுதினது எல்லாம் நடந்ததுதான் அண்ணா.”

“நான் சந்தோஷப்பட்டது உங்களுக்குத் தெரியாது. இப்பத்தான் தெரியும்.”

“அப்பவே தெரியும். மூஞ்சில இருந்துச்சி.”

அதற்கு மேல் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். “என்னை மன்னிச்சிட்டீங்களா?”

அவர் காகிதங்களை அடுக்கி மேஜை மேல் வைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆராதனைக்கு முன்னாடி மன்னிச்சிடுறேன் அண்ணா. உங்க பேரச் சொல்லியே. ஒரு மூணு நாளு நிக்குது. அப்புறம் திரும்ப வந்துடுது. மறுபடியும் அடுத்த ஞாயித்துக்கிழமை.”

“பன்னிரண்டு வருஷமாவா?”

“ஆமா. எத்தன வாரம்னு நீங்களே போட்டுக்கோங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டேன், “இந்த வாரம்?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே அண்ணா,” என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோ வரும் வரை அவரோடு கேட்டில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.